சிப்ஸ் கவர், ஜூஸ் பெட்டி, டின்: சுவரில் தொங்கும் படைப்பு, ஆனால் ஒட்டு நிற்க மாட்டேன் என்கிறது

வெள்ளித்தாள்:

வணக்கம். 180 செ.மீ. உயரம், 120 செ.மீ. அகலத்தில் சுவரில் தொங்கவிட ஒரு படைப்பு. மூலப்பொருள் முழுக்கக் காலி உறைகள்தான். உள்பக்கம் வெள்ளியாக மினுங்கும் சிப்ஸ், பிஸ்கட் கவர்கள், ஜூஸும் பாலும் வரும் அட்டைப்பெட்டிகள், குளிர்பான அலுமினிய டின்கள். காட்சி 6 வாரம். சுவருக்கு இடப்பக்கம் பெரிய ஜன்னல்.

இதுவரை தெரிந்த சிக்கல்கள்: வெள்ளைப் பசை (பி.வி.ஏ.) கவர் மேல் காய்ந்த பிறகு தோல் மாதிரி உரிந்து வந்துவிடுகிறது. ஹாட் க்ளூ வைத்தால் கவர் அந்த இடத்தில் சுருங்கிக் கொப்புளமாகிறது. இரட்டைப்பக்க டேப் பத்து நாளில் ஓரம் தூக்குகிறது. டின்னை வெட்டி விரித்தால் மறுபடி சுருண்டு உருளையாகவே நிற்கப் பார்க்கிறது.

எதை எதோடு எப்படி இணைப்பது, எத்தனை கவர் சேர்க்க வேண்டும், ஜன்னல் வெளிச்சத்துக்கு நிறம் தாங்குமா, இவைதான் கேள்விகள். இன்னொன்றும் உண்டு. மாதிரித் துண்டைப் பார்ப்பவர்கள் "நல்ல கைவேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கே இடிக்கிறது?

---

ஊசிநூல்:

கவர் பற்றி மட்டும் சொல்றேன். பசையை விட்டுடுங்க. உங்க பசையில் குறை இல்லை, கவர் அப்படி.

சிப்ஸ் கவர் ஒரே தாள் கிடையாது. பெரும்பாலும் ரெண்டு பாலிப்ரொப்பிலீன் படலம், நடுவில் மை, உள்படலத்தின் மேல் ஆவியாகப் படியவைத்த அலுமினியம். மை வெளிப்படலத்தின் அடிப்பக்கத்தில் அச்சாகியிருக்கும், அதனால்தான் நகத்தால் சுரண்டினாலும் எழுத்து போகாது. நீங்க தொடுறது வெறும் பாலிப்ரொப்பிலீன். அதன் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவுதான். தண்ணி விட்டுப் பாருங்க, பரவாம முத்து முத்தா நிற்கும். தண்ணி பரவாத இடத்தில் தண்ணியில் கரைந்த பசையும் பரவாது. போதாக்குறைக்கு ரெண்டு பக்கமும் ஈரம் உறிஞ்சாத படலம், நடுவில் பசை. அந்த ஈரம் வெளியேற வழியே கிடையாது, ஓரம் மட்டும் காயும், நடு வாரக்கணக்கில் பச்சையாவே கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பெரிசா மாறாது. கீறல் விழும், படலத்தின் குணம் அப்படியே இருக்கும்.

ஹாட் க்ளூ 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் வரும். இந்தப் படலம் தொழிற்சாலையில் ரெண்டு திசையிலும் இழுத்து நீட்டப்பட்டது. சூடு பட்டதும் இழுத்ததை எல்லாம் திரும்பச் சுருக்கிக்கொள்ளும். கொப்புளம் அதனால்தான்.

நிற்பது ரெண்டே வழி: தையல், இல்லாவிட்டால் வெப்ப சீல்.

தையலுக்கு 90/14 கூர்முனை ஊசி, பாலியஸ்டர் நூல். தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. இதுதான் முக்கியம். துணிக்குப் போடுற மாதிரி 2 மி.மீ. வைத்தா துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி ஆகிடும், லேசா இழுத்தாலே வரிசையாக் கிழியும். ஆரம்பத்திலும் முடிவிலும் பின்தையல் போடாதீங்க, அதே துளையில் ஊசி ரெண்டாவது தடவை இறங்கினா அந்த இடம் பிய்ஞ்சிடும். நூலை 8 செ.மீ. விட்டு வெட்டி, பின்பக்கம் முடிச்சுப் போடுங்க. குண்டூசியும் வேண்டாம். துணியில் துளை மூடிக்கொள்ளும், படலத்தில் மூடாது. துணி கிளிப் போதும். மெஷின் பாதம் கவரில் ஒட்டிக்கிட்டு நகராம நின்னா டெஃப்ளான் பாதம் மாட்டுங்க, இல்லேன்னா கவர் மேல் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்க.

வெப்ப சீல் பலருக்குத் தோணாத வழி. கவரின் உள்பக்கம் சீல் ஆகவே செய்யப்பட்டது, சுமார் 110 முதல் 130 டிகிரியில் தன்னோடு தானே உருகி ஒட்டும். கவர் மூடும் சின்ன இம்பல்ஸ் சீலர் போதும். உள்பக்கமும் உள்பக்கமும் பார்த்தபடி வைத்து அழுத்தணும். இதில் ஒரு நெளிவு இருக்கு: அப்படி ஒட்டி விரித்தா, சீல் ஆன ஓரம் மீன் துடுப்பு மாதிரி அச்சுப் பக்கமாத்தான் எழுந்து நிற்கும். முன்னால் வெள்ளிப் பக்கம் தெரியணும்னா கவலை இல்லை, துடுப்பு பின்னால் போயிடும். அச்சுப் பக்கம் தெரியணும்னா அந்தத் துடுப்பை ஒரு கோடாகவே ஏத்துக்கணும். ஏத்துக்கலாம், நிழல் விழுந்து நல்லாத்தான் இருக்கும்.

கணக்கு: ஒரு கவரைப் பின்மடிப்பில் வெட்டி விரித்து 10 x 15 செ.மீ. துண்டு எடுங்க. இணைப்புக்கு 1 செ.மீ. போனால் கண்ணுக்குத் தெரிவது 9 x 14. அகலத்தில் 14 துண்டு, உயரத்தில் 13 வரிசை, மொத்தம் 182. அதாவது 126 x 182 செ.மீ., ஓரம் மடிக்க இடம் இருக்கு. கிழிவது, கறை படிந்தது என்று 15 சதவீதம் சேர்த்து 210 கவர் கைவசம் வையுங்க.

பின்னால் கட்டாயம் பருத்தித் துணி கொடுங்க. எடைக்காக இல்லை. இவ்வளவு பெரிய பரப்புக்கும் படலம் மட்டும் 150 கிராம்கூட வராது, ஆள் நடந்து போனாலே காத்தில் படபடக்கும், அந்த ஆட்டத்தில் துளைகள் பெரிசாகும். தையல் கோடு ஒவ்வொண்ணும் துணியையும் பிடிச்சிருந்தா இழுவிசை துணியில் விழும்.

---

தகரத்தட்டு:

டின்னுக்கு வருகிறேன். 330 மி.லி. டின்னின் விட்டம் சுமார் 66 மி.மீ., ஆகவே விரித்தால் 20 செ.மீ. நீளமும், மேல் கழுத்தும் அடிவளைவும் போக 9 செ.மீ. உயரமும் உள்ள தகடு கிடைக்கும். டின் தகட்டின் தடிமன் கிட்டத்தட்ட 0.1 மி.மீ., தடித்த தாளைவிட மெல்லியது. கத்தரிக்கோலே வெட்டும். ஆனால் வெட்டிய ஓரம் பிளேடு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெட்டும் முறை: கழுத்தருகே கட்டரால் ஒரு துளை, அங்கிருந்து கத்தரியால் சுற்றி வெட்டி மூடியை எடுக்கவும், பிறகு நேராகக் கீழே ஒரு வெட்டு, அடியைச் சுற்றி இன்னொரு வெட்டு. முதல் வெட்டில் ஓரம் பிசிறடிக்கும், 3 மி.மீ. உள்ளே தள்ளி இரண்டாவது முறை சுத்தமாக வெட்டுங்கள்.

சுருளுக்குக் காரணம், அது கடினப்படுத்தப்பட்ட கலவை, உருளையாகவே இழுத்து உருவாக்கப்பட்டது. இஸ்திரி போட்டால் மாறாது. மேசை விளிம்பில் வைத்து, சுருளுக்கு எதிர்த்திசையில் இழுத்து இறக்குங்கள். தட்டை நிலையைத் தாண்டிக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் வளைய வேண்டும், விட்டதும் அது சமமாக வந்து நிற்கும். அடுப்பில் காட்டி இளக்கும் யோசனை வரும். வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, கருகிப் புகையும், வெளி மையும் பழுப்பாகும்.

நான்கு ஓரமும் 5 மி.மீ. பின்னால் மடித்து எலும்பு மடிப்பானாலோ கரண்டி முதுகாலோ தேய்க்கவும். மடிப்பு ஒரே தடவை. திறந்து மறுபடி மடித்தால் மூன்றாவது நான்காவது தடவை அந்தக் கோட்டிலேயே உடையும். துளையை மடித்த இரட்டை அடுக்கில் போடுங்கள், ஒற்றை அடுக்கில் போட்ட துளை கம்பி இழுவைக்குப் பிளந்துகொண்டு ஓரம் வரை ஓடும். மரக்கட்டை மேல் வைத்து ஆணியால் ஒரு தட்டு, 1.5 மி.மீ. துளை. டிரில் வைத்தால் தகடு பிட்டோடு சுற்றிக் கையைக் கிழிக்கும்.

இணைக்க 0.4 மி.மீ. செம்புக்கம்பி, மூன்று முறுக்கு, நுனியைப் பின்னால் மடித்து அமுக்கவும். இதில் ஒரு ஆபத்து: செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம், அதிலும் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். 6 வாரத்துக்குப் பயமில்லை. பல வருடம் நிற்க வேண்டுமென்றால் மோட்டார் வைண்டிங் கம்பியை எடுங்கள், அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும், உலோகம் உலோகத்தைத் தொடாது.

இறுக்கிக் கட்டாதீர்கள். தகடுக்குத் தகடு 2 மி.மீ. இடைவெளி விட்டால் மொத்தமும் துணி போல மடியும். சிற்பி எல் அனாட்சுயின் பெரிய தொங்கல்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1944-ல் கானாவில் பிறந்து நைஜீரியாவின் நசுக்காவில் பல்லாண்டு கற்பித்தவர். மதுப்புட்டி மூடிகளையும் கழுத்துப் பட்டைகளையும் தட்டி, மடித்து, வளையமாக நசுக்கி, செம்புக்கம்பியால் கோத்தே அவ்வளவு பெரிய பரப்பைச் செய்கிறார். 2015 வெனிஸ் பினாலே கலைக்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கிடைத்தது. அந்த வேலையில் மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பது முன்கூட்டி முடிவாவதில்லை, தொங்கவிடும் இடத்தில் தொங்கவிடுபவர் முடிவு செய்கிறார். கட்டு தளர்வாக இருப்பதால்தான் அது முடிகிறது.

---

வெள்ளித்தாள்:

நன்றி. உப்புத்தாள் போட்டு ஒரு மாலை முழுதும் தேய்த்தது வீண் என்று இப்போது புரிகிறது. டின்னையும் கவரையும் ஒரே பரப்பில் கலக்கலாமா? ஜூஸ் பெட்டியை யாரும் தொடவில்லையே.

---

தகரத்தட்டு:

கலக்கலாம், ஆனால் டின் தகட்டின் மூலை கவரைத் தொடக்கூடாது. ஒரே மாதத்தில் அறுத்துவிடும். இடையில் துணிப்பட்டை வையுங்கள்.

---

மைஉருளை:

ஜூஸ் பெட்டியை ஒட்டுவதற்காக மெனக்கெடுவானேன்? அதை அச்சுத் தகடாக்கலாம்.

அடுக்கு இப்படி: வெளியே மெல்லிய பாலிஎத்திலீன், அப்புறம் அட்டை, மறுபடி பாலிஎத்திலீன், அலுமினியத் தாள், உள்ளே கடைசியாக இன்னொரு பாலிஎத்திலீன். எடையில் முக்கால் பங்கு அட்டைதான். அந்த வெள்ளி உள்பக்கம் ட்ரைபாயிண்ட் (ஊசியால் கீறி, கீறலில் மை நிரப்பி அச்செடுக்கும் முறை) தகட்டுக்கு அருமையாகப் பொருந்தும், பதிப்போவியக்காரர்கள் நிறையப் பேர் செய்கிறார்கள்.

பெட்டியைப் பக்க இணைப்பில் வெட்டி விரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். ஊறவைக்காதீர்கள், வெட்டிய ஓரம் வழியே அட்டை குடித்து உப்பிவிடும். வெள்ளிப் பக்கத்தில் கூரான ஊசியால் வரையுங்கள். கோடு அலுமினியத்தைக் கிழித்துவிட்டு அட்டையை லேசாகத் தொட வேண்டும், அட்டைக்குள் ஆழமாக இறங்கினால் மை பொங்கிக் கோடு வீங்கும். கறுப்புப் பரப்பு வேண்டிய இடத்தில் பிளேடால் எல்லை கீறி, அலுமினியப் படலத்தை மட்டும் உரித்தெடுங்கள். வெளிப்படும் அட்டையின் சொரசொரப்பு மையைப் பிடித்துக்கொள்ளும், அங்கே நல்ல அடர்த்தியான கறுப்பு விழும். உரிக்காத வெள்ளிப்பரப்பு துடைத்தால் சுத்தமாகும், அது வெளிர். இடைப்பட்ட சாம்பலுக்கு நெருக்கக் கோடுகள் போதும்.

எண்ணெய் மை. பழைய பல் துலக்கியாலோ அட்டைத் துண்டாலோ கோட்டுக்குள் தள்ளி, கஞ்சிபோட்ட மெல்லிய வலைத்துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் செய்தித்தாளைத் தட்டையாகப் பிடித்து ஒரு தேய்ப்பு. அச்சுத்தாளை 10 நிமிடம் நனைத்து ஒற்றியெடுங்கள், பளபளப்பு போய் ஈரம் மட்டும் இருக்க வேண்டும். ஃபெல்ட் போட்டு அழுத்தம் கொடுங்கள். எட்சிங் பிரஸ் (உருளை வைத்து அழுத்தும் அச்சு இயந்திரம்) இல்லாவிட்டால் பாஸ்தா உருட்டும் கைமெஷினிலேயே சின்ன அளவு வரும்.

பெட்டியின் மடிப்புக் கோடுகள் படத்தில் கோடாகவே விழும். அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. பார்த்தவுடனே இது ஒரு பெட்டி என்று சொல்வது அந்தக் குறுக்குக் கோடுகள்தான். 10 பிரதி தாண்டினால் கோடுகள் நசுங்கி மங்கத் தொடங்கும். மூடித் துளையும் பக்கக் காதுகளும் உள்ள முழு விரிப்பையும் வெட்டாமல் அப்படியே அச்சிட்டால், படத்தின் வெளிவடிவமே பெட்டியின் வரைபடமாகிவிடும்.

பெட்டியை ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஒட்டும் பக்கத்துப் பிளாஸ்டிக் படலத்தை ஒரு மூலையிலிருந்து உரித்து அட்டையை வெளியே கொண்டுவாருங்கள். உங்களைக் கைவிட்ட அதே வெள்ளைப் பசை அட்டையில் கெட்டியாகப் பிடிக்கும்.

நிறம்: ஜன்னல் பக்கம் வைத்தால் வெளுக்கும். உறை மைகள் கடை அலமாரியில் சில மாதம் தாங்கினால் போதும் என்ற கணக்கில் தேர்வானவை. முதலில் போவது மஞ்சளும் மெஜன்டாவும், நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். அதனால்தான் வெயில் பட்ட விளம்பரத் தாள் எல்லாம் நீலம் பூத்துக் கிடக்கிறது. சோதனை எளிது: ஒவ்வொரு வகைக் கவரிலும் ஒரு துண்டு எடுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, அந்த ஜன்னலிலேயே 4 வாரம் ஒட்டிவையுங்கள். திறந்தால் எது தாங்கும் எது தாங்காது என்று தெரியும். புறஊதா தடுக்கும் வார்னிஷ் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது, கவர் மேல் அதுவும் உரியும். வார்னிஷை விட ஜன்னலுக்குப் புறஊதா வடிகட்டிப் படலம் ஒட்டுவது மேல்.

இன்னொன்று. காலிக் கவரையே தைத்து வைப்பது ஒரு விஷயம், அதன் சின்னத்தையும் படத்தையும் நகலெடுத்து அச்சிட்டு விற்பது வேறு விஷயம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பதிப்பு போடுவதாக இருந்தால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

ஓரப்பார்வை:

மூவரும் ஒட்டு, தையல், கம்பி எல்லாம் சரியாகச் சொல்லியாயிற்று. "நல்ல கைவேலை" என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

210 கவரில் இருபது முப்பது வகை இருக்கும். எல்லா நிறமும், எல்லா எழுத்தும், எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒட்டுப்போட்ட கம்பளிதான். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது "அடேயப்பா, எவ்வளவு பொறுமை". அதற்கு மேல் போக வழியில்லை. ஏதாவது ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எல்லாம் வெளியே தள்ள வேண்டும்.

1919-ல் ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் குப்பையில் கிடந்த டிக்கெட், லேபிள், விளம்பரத் துணுக்குகளை ஒட்டி அந்த முறைக்கே மெர்ஸ் என்று பேர் வைத்தார். அது கொமெர்ஸ், அதாவது வணிகம் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வெட்டப்பட்ட துண்டு. அவர் எடுத்துக்கொண்டது உடைந்த எழுத்தை. 1962-ல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் சூப் டின்னை 32 கேன்வாஸில் தீட்டினார், அப்போது விற்பனையில் இருந்த வகைகள் 32. எண்ணிக்கை கடையிலிருந்தே வந்தது, அவர் இஷ்டத்துக்கு வைத்ததில்லை. 1964-ல் அவர் செய்த பிரில்லோ (பாத்திரம் தேய்க்கும் சோப்புப் பஞ்சு) பெட்டிகள் இன்னும் வேடிக்கை. அவை அட்டைப்பெட்டியே இல்லை, ஒட்டுப்பலகையில் செய்து சில்க்ஸ்கிரீன் போட்டவை. அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வியோ தன் பங்குக்கு அரூப ஓவியர். ஜப்பானியக் கலைஞர் யூகென் தெருயா காகிதக் கைப்பையின் ஒரு பக்கத்திலேயே மரத்தை வெட்டி, அதை உள்ளே மடித்து நிற்க வைக்கிறார். பையில் ஒரு துண்டுகூட வெளியிலிருந்து சேர்வதில்லை.

உங்கள் 182 துண்டுக்கு வருவோம். அச்சுப் பக்கத்தை முழுக்கச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வெள்ளியை மட்டும் காட்டலாம். ஊசிநூல் சொன்ன துடுப்புச் சிக்கலும் தானாகத் தீரும், ஜன்னல் வெளுப்புச் சிக்கலும் ஏறக்குறையத் தீரும். அல்லது என் விருப்பம் இது: ஒவ்வொரு கவரிலும் காலாவதித் தேதி அச்சான பட்டையை மட்டும் 9 செ.மீ. அகலத்தில் எடுங்கள். தேதி வரிசையில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் அடுக்குங்கள். கவர் கிடைக்காத நாளுக்கு வெறும் துணி தெரியட்டும். தூரத்திலிருந்து புள்ளிபோட்ட துணி, கிட்டே வந்தால் நாள்காட்டி. தேதி அச்சு மட்டும் தொழிற்சாலையில் கடைசியில் மேலே தெளிக்கப்பட்ட மை, படல அடுக்குகளுக்கு உள்ளே கிடையாது, அழியும். கழுவும்போதும் தைக்கும்போதும் அதன் மேல் விரல் தேய்க்காதீர்கள்.

---

ஊசிநூல்:

தேதிப் பட்டை யோசனை நல்லா இருக்கு, ஆனா பல கவரில் தேதி இருக்கிறது சீல் ஓரத்தை ஒட்டி. அங்கே ஏற்கெனவே ரிப்பிள் மாதிரி நெளிவு இருக்கும், மெஷின் பாதம் தாண்டும்போது தையல் தவறும். அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுத்தி நாலு தையல் போட்டுட்டுத் தொடருங்க.

கழுவுறதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. எண்ணெய் உள்ளே மிச்சம் இருந்தா ஆறு மாதத்தில் சிக்கு வாடை வரும், எறும்பும் கரப்பானும் முதல் வாரமே வரும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணி, சில சொட்டு பாத்திரச் சோப்பு, 10 நிமிடம், உள்பக்கத்தை ஸ்பாஞ்சால் துடைக்கணும், தேதியைத் தவிர்த்து. முழுக்கக் காய்ந்தபின் தான் வெட்டணும். அட்டை வகையைக் கழுவ முடியாது, அதைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்க, பூச்சி, முட்டை எல்லாம் போயிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீங்க. அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்க, இல்லேன்னா வெளிக்காத்து ஈரமெல்லாம் அட்டை மேலயே படியும்.

தொங்கவிட: மேலே துணியில் 4 செ.மீ. குழல் தைத்து 20 மி.மீ. அலுமினியக் குழாய், கீழே அதே மாதிரி குழலில் 8 மி.மீ. இரும்புக் கம்பி. கம்பி நுனியை டேப்பால் சுத்துங்க, இல்லேன்னா துருக்கறை துணியில் இறங்கும். சுவரிலிருந்து 3 செ.மீ. தள்ளி நிற்கட்டும். ஸ்பாட்லைட் போட்டா எல்.ஈ.டி. மட்டும், ஹாலோஜன் சூட்டுக்கு இது சுருங்கும். எடுத்துப் போகும்போது மடிக்கவே கூடாது, வெள்ளிப்படலத்தில் விழுந்த மடிப்பு வெள்ளைக்கோடா நின்னுடும், எதுவும் செய்ய முடியாது. 15 செ.மீ. விட்டமுள்ள குழாயில், முன்பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி சுத்துங்க.

---

வெள்ளித்தாள்:

முன்பக்கம் வெளியே? உள்ளே வைத்தால்தானே பாதுகாப்பு?

---

ஊசிநூல்:

உள்ளே வைத்தா முன்பரப்பு நெருக்கப்பட்டுச் சுருக்கம் விழும், விரிச்ச பிறகும் போகாது. வெளியே இருந்தா லேசா இழுபடும், அவ்வளவுதான், சுருக்கம் விழுந்தாலும் பின்துணியில் விழும். மேலே ஒரு டிஷ்யூ தாள் சுத்தி, அதுக்கு மேல பழைய பெட்ஷீட். டேப்பை டிஷ்யூ மேல படாம பெட்ஷீட்டில் மட்டும் ஒட்டுங்க.